விரதத்துக்கு விட்ட குளிசை

எனக்குப் பதகளிப்பு, மனப்பதற்ற நோய் என்று டொக்டர் சொன்னபோது கோபம்தான் வந்தது. நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, கை விறைத்து, இரண்டு தடவை ஈ.சி.ஜி. எடுத்தும் இதயத்தில் ஒன்றுமில்லை என்கிறார்கள். அப்படியென்றால் நான் நடிக்கிறேனா?

"இல்லையம்மா, வருத்தம் உண்மை. இடம்தான் வேறை," என்றார் டொக்டர். என் மகளின் வயதுதான் இருக்கும் அவருக்கு. காலையில் ஒரு குளிசை, குணம் தெரிய இரண்டு மூன்று கிழமை செல்லும், கேட்காமல் நிறுத்தக்கூடாது என்று சொல்லித் துண்டு எழுதித் தந்தார்.

வாங்கிவந்த குளிசையை மல்லித்தூள் போத்தலுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். புத்தூரில் ஒருத்தி கண்டால் போதும், பைத்தியம் பிடித்து விசர்க்குளிசை போடுகிறாள் என்று சந்திவரைக்கும் கதை போய்விடும். முதல் கிழமை வயிற்றைப் பிரட்டியது. அடுத்த கிழமையும் ஒரு மாற்றமில்லை. நாலாம் கிழமை பஸ்ஸில் நீர்வேலி தாண்டும்போதுதான் கவனித்தேன், கம்பியை இறுக்கிப் பிடிக்காமல் வாழைத்தோட்டம் பார்த்துக்கொண்டு போகிறேன். ஆண்டவனே, எத்தனை வருடமாயிற்று!

மகள் அப்போது எட்டு மாதக் கர்ப்பிணி. தலைப்பிள்ளை. "நீங்கள்தான் பக்கத்திலை நிக்கோணும்," என்று சொல்லிவிட்டாள். அவள் நல்லபடி பெற்றெழும்ப வேண்டும் என்று நேர்ந்து கந்தசஷ்டி பிடித்தேன். ஆறு நாளும் மிளகும் தண்ணீரும்தான். எங்கள் வீட்டில் விரதம் என்றால் விரதம், வாயில் வேறொன்றும் படக்கூடாது. குளிசையையும் விட்டேன். முருகனுக்கு முன்னால் குளிசை என்ன பெரிசு என்ற வீறாப்பு வேறு.

மூன்றாம் நாள் தலை கிறுகிறுத்தது. திரும்பினால் மண்டைக்குள் கரண்ட் அடித்தது போலச் சுரீரென்றது. ஐந்தாம் நாள் கோயிலுக்கு வெளிக்கிட்டு, வாசல் படலையைத் தாண்ட முடியாமல் அப்படியே குந்திவிட்டேன். அதே பழைய படபடப்பு. இந்தக் கோலத்தில் மகளுக்குப் பக்கத்தில் எப்படி நிற்பேன் என்று நினைக்க அழுகை பீறிட்டது.

என் மனுசன் அதிகம் கதைக்காதவர். "இஞ்சேரப்பா, குளிசையை விட்டிட்டீரோ?" என்று மட்டும் கேட்டார். ஒளித்த இடம் அவருக்கு முதல் நாளே தெரியுமாம்! ஓட்டோ பிடித்துக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார்.

ஏச்சு விழும் என்றுதான் போனேன். டொக்டர் ஏசவில்லை.

"குளிசை சாப்பாடில்லையம்மா. விரதமெண்டால் முதலே வந்து கேளுங்கோ. உது தலையிடிக் குளிசை மாதிரி இல்லை, நாளுக்குநாள் சேர்ந்துதான் வேலை செய்யும். திடீரெண்டு விட்டால் உடம்பு தடுமாறும். நிப்பாட்டுற காலம் வந்தால் நானே மெல்லமெல்லக் குறைச்சு விடுவன்."

"முருகன் கோவிக்கமாட்டாரோ?"

"கோவிச்சால், டொக்டர்தான் சொன்னவ எண்டு சொல்லுங்கோ."

அங்கேயே குளிசையைத் தண்ணீரோடு விழுங்கினேன். தலைச்சுற்று இரண்டு மூன்று நாளில் விட்டது, படபடப்பு அடங்க இன்னும் கொஞ்ச நாள் சென்றது. அந்த டொக்டர்ப் பிள்ளை எங்கிருந்தாலும் நல்லாயிருக்க வேண்டும். வாயே திறக்காமல் என்னைக் கவனித்துக்கொண்டிருந்த மனுசனும்தான்.

அடுத்த மாதம் பிரசவ அறையில் மகள் என் கையை நசித்துப் பிடித்தாள். "அம்மா, நெஞ்சு படபடக்குது. செத்துப்போவன் போலக் கிடக்கு."

ஒன்றுமில்லை என்று நான் சொல்லவில்லை.

"ஓம் பிள்ளை, எனக்குத் தெரியும். வந்திட்டுப் போகும். நான் நிக்கிறன்," என்றேன். குழந்தை அழும்வரைக்கும் நின்றேன்.