கோ அவே, கம் பேக்

உலக யுத்தகாலம். வாவிக்கரையில் வெள்ளைக்காரப் பட்டாளம் முகாம் போட்டிருந்தது. அங்கே ஸ்டோரில் வேலைக்கு ஆள் தேடினார்கள். கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்தால் போதுமாம். அந்த வேலை கிடைக்காவிட்டால் என் புருஷன் கொழும்புக்குப் பிழைக்கப் போய்விடுவார். கைக்குழந்தையோடு நான் தனியாகக் கிடக்க வேண்டும். விடுவேனா நான்?

எங்கேயோ இருந்து ஒரு பழைய இங்கிலீஷ் புத்தகம் வாங்கி வந்தார். மிஷன் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் நான், ஆகவே வாத்தியாரும் நான்தான். வாயால் சொன்னால் அந்த மண்டையில் ஏறாது. எல்லாவற்றையும் செய்து காட்ட வைத்தேன். ‘கெட் அப்’ என்றால் எழும்புவார், ‘சிட் டவுன்’ என்றால் இருப்பார். ‘புட் ஆன்’ என்றால் சட்டையைப் போடுவார், ‘டேக் ஆஃப்’ என்றால் கழற்றுவார். ‘பிக் அப்’ என்றதும் பிள்ளையைத் தூக்குவார். பிள்ளைக்கு ஒரே கொண்டாட்டம்.

பிறகு ‘கோ அவே’ வந்தது. வாசல் படலை வரை நடந்துபோய், “கோ அவே!” என்று கத்தினார். அபசகுனம்! வீட்டை விட்டு வெளிக்கிடும்போது ‘போறன்’ என்று எவராவது சொல்வார்களா?

“ஐயோ, என்ன வாய் இது! போயிட்டு வாறன் எண்டு சொல்லுங்க!”

“புத்தகத்தில அப்பிடி இல்ல புள்ள.”

“புத்தகமா உங்களுக்குச் சோறு போடுது? கம் பேக்கையும் சேர்த்துச் சொல்லுங்க!”

அன்றிலிருந்து ‘கோ அவே, கம் பேக்’ என்று ஒரே மூச்சில் சொல்லுவார். படலையைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தால்தான் நான் விடுவேன்.

வேலை கேட்டுப் போன அன்று, துரை கேட்ட ஒரு கேள்விக்கும் இவருக்குப் பதில் வரவில்லையாம். துரை சினந்து, “கோ அவே!” என்று கத்தியிருக்கிறார். இவர் கும்பிட்டு, “கோ அவே, கம் பேக், சேர்” என்று சொல்லி, வெளியே போய்க் கதவைத் தொட்டு, திரும்ப உள்ளே வந்து நின்றாராம். துரை இன்னும் பலமாகக் கத்தினார். இவர் இன்னும் பணிவாகப் போய்வந்தார். கடைசியில் துரை மேசையில் தலையை வைத்துச் சிரித்துவிட்டு, ஒரு பெட்டியைக் காட்டி “பிக் அப்” என்றிருக்கிறார். பிள்ளையைத் தூக்கிப் பழகிய கை! ஒரே தூக்கு. வேலை கிடைத்துவிட்டது.

பொழுதுபட வந்து சொன்னார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

“மறுகா? பிறகென்ன நடந்தது?” என்றேன்.

“வெளிக்கிடக்குள்ள துரை கையைக் காட்டி, ‘கோ அவே, கம் பேக்’ எண்டார்.”

“பாத்தீங்களா? அந்தாளுக்கும் நான்தான் வாத்தியார்!”