நைட்ரஜன் நிறைந்த அறை

இரண்டாயிரத்துகளின் நடுவில், தாம்பரத்தை அடுத்த ஒரு பொறியியல் கல்லூரியில் ஆராய்ச்சி உதவியாளராக இருந்தேன். விமானத்தை மின்சாரத்தில் பறக்கவைக்கும் மோட்டாருக்கான ஆராய்ச்சி. அதை உண்மையில் தூக்கிச் சுமந்தவர் ஒருவர்தான். என்னைவிட மூத்தவர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

சாதாரண மோட்டாரின் செம்புக் கம்பியில் மின்சாரம் அதிகமானால் சூடேறும். அதனால் பெரிய சக்தி வேண்டுமென்றால் மோட்டார் கனத்துப்போகும். அந்தக் கனத்தோடு விமானம் எழாது. அக்கா சுற்றியது மீக்கடத்தி நாடா. கடுங்குளிரில் அது மின்சாரத்தைத் தடையே இல்லாமல் விடும். அந்தக் குளிருக்காகத் திரவ நைட்ரஜன் ஊற்றுவோம். எங்கள் சோதனை மோட்டார் குக்கர் அளவுதான். விமானப்படையின் பயிற்சி விமானங்கள் தலைக்கு மேல் இரைந்து போகும்போது, "இந்தச் சத்தமெல்லாம் ஒருநாள் இருக்காது பாரேன்" என்பார்.

அவர் கணவர் மேடவாக்கத்தில் போர்வெல் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியில் ‘காயில்’ சுற்றிக் கட்டும் கடை வைத்திருந்தார். எங்கள் மோட்டாரில் சுழலாத வெளிப்பகுதிக்கு மட்டும் வேண்டிய செம்புச் சுற்றுகளைக் கட்டித் தந்ததும் அவர்தான். நைட்ரஜனின் குளிரில் காற்றின் ஈரம் வெண்புகையாவதைப் பார்த்துச் சிரிப்பார். "ஊர்ல எரிஞ்சுபோன மோட்டார்லதான் பொகை வரும். இவளுது ஓடுனாலே வருது!"

ஆய்வறைக்கு ஜன்னல் கிடையாது. ஈரக்காற்று புகக் கூடாதென்று கதவைச் சாத்தி ஏ.சி. போட்டிருப்போம். ஆவியாகும் நைட்ரஜன் அறையின் காற்றைத் தள்ளிவிடும்; அதை வெளியேற்றும் விசிறி பழுதாகி மாதக்கணக்காகிவிட்டது. அக்கா கல்லூரி நிர்வாகத்திடம் கேட்டுக்கொண்டே இருந்தார். "அடுத்த பட்ஜெட்ல பாக்கலாம் மேடம்" என்பதே பதில்.

ஒருநாள் மதியம் நான் கேன்டீனில் சாப்பிட்டுவிட்டு வந்தபோது கதவின் கண்ணாடி வழியே தரையெல்லாம் வெண்புகை. திரவ நைட்ரஜன் வைத்திருந்த பெரிய குடுவை சாய்ந்து கிடந்தது. அதன் பக்கத்தில் அக்கா குப்புற விழுந்திருந்தார். கதவைத் திறந்து ஓடப்போன என்னைக் கல்லூரி எலக்ட்ரீஷியன் பிடித்து இழுத்தார்.

"உள்ள போவாதம்மா! காத்து இல்ல உள்ள!"

கதவை அகலத் திறந்துவைத்து, புகை கலைந்த பிறகுதான் அவரைத் தூக்கினோம். ஆஸ்பத்திரியில் நாடி பார்த்துவிட்டுக் கையை விட்டார்கள்.

கல்லூரி ஒரு விசாரணை நடத்தியது. விசிறியைப் பற்றி நான் சொன்னேன். அறிக்கையில் அது இல்லை. "ஆய்வாளரின் கவனக்குறைவு" என்று மட்டும் இருந்தது. ஆராய்ச்சியை மூடினார்கள். மோட்டார் ஒரு முறைகூட முழு வேகத்தில் ஓடவில்லை.

அக்காவின் சாமான்களைக் கொடுக்கக் கடைக்குப் போனேன். அவிழ்த்துப் போட்ட மோட்டார்களுக்கு நடுவே அவர் கணவர் சும்மா உட்கார்ந்திருந்தார். பையை வாங்கி, பிரிக்காமலே பக்கத்தில் வைத்தார்.

"மூச்சு முட்டி ரொம்ப தவிச்சிருப்பாளாம்மா?"

நைட்ரஜனுக்கு வாசனையும் நிறமும் இல்லை. அதைச் சுவாசித்தால் மூச்சுத் திணறுவதே தெரியாது, சட்டென்று நினைவு போய்விடும் என்று விளக்கினேன். அவரிடம் சொல்ல எனக்கிருந்த ஆறுதல் அது ஒன்றுதான்.

"இல்லண்ணா. ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது."

தலையை மெல்ல ஆட்டினார். ஒரு தண்ணீர் லாரி கடையை உரசுவதுபோல் கடந்து போனது. சத்தம் அடங்கும்வரை காத்திருந்தார்.

"கொஞ்சம் மூச்சு முட்டியிருந்தா, எழுந்து வெளிய ஓடியாந்திருப்பா இல்ல?"