மூன்றாம் நாள் கணக்கு

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று மறந்துபோகும். முன்னதைப் பின்னால் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொண்டு படிக்க வேண்டும். ஆனால் அந்தப் பாய்மர வள்ளத்தில் முதல்முதலாக ஏறப்போனது மட்டும் எனக்கு மறக்கவில்லை. செருப்போடு காலைத் தூக்கினேன். வள்ளக்காரப் பெரியவர் என் காலையே பார்த்தார். கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். அதற்கும் கூடாது என்று தலையை ஆட்டினார். மணலிலேயே போட்டுவிட்டு ஏறினேன். எனக்குப் பின்னால் என் சிநேகிதி ஏறினாள். அவள் காலில் செருப்பே கிடையாது, வீட்டிலிருந்து அப்படியே புறப்பட்டு வந்திருந்தாள்.

நாங்கள் இரண்டு பேரும் குற்றாலத்தில் ஒரே தெரு. நான் தென்காசியில் ஒரு தையல்கடைக்குக் காஜா எடுக்கப் போவேன், பிறகு சட்டையும் தைக்கப் பழகினேன். அவள் சீசனில் அருவிக்குப் போகிற பாதையில் பழம் விற்பாள். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. கடையில் அளவு கேட்கக்கூட வாய் எழும்பாது. எனக்கும் சேர்த்து அவள் பேசிவிடுவாள். அவள் வீட்டுக்காரர் அருவிக்கரையில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்க்கிறவர். சீசன் முடிந்தால் குற்றாலத்தில் அந்த வேலைக்கு ஆள் வராது. அதனால் ஐப்பசி பிறந்ததும் திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊருக்குப் போய், தெரிந்த ஒருவருடைய வள்ளத்தில் வேலை பார்ப்பார். அந்த வருஷம் கார்த்திகையில் புயல் அடித்தது. வள்ளம் திரும்பி வரவில்லை.

அந்த வள்ளத்துக்காரருடைய அண்ணன்தான் நான் சொன்ன பெரியவர். பஸ் ஏறிக் குற்றாலத்துக்கே வந்து விஷயத்தைச் சொன்னார். தம்பி உடம்பு மறுநாளே கரைக்கு வந்துவிட்டது, அடக்கம் பண்ணியாச்சு, இவரைத்தான் இன்னும் காணவில்லை என்றார். நடந்து அன்றைக்கு அஞ்சு நாள். என் சிநேகிதி அழவில்லை. விரலை மடக்கி எண்ணினாள். "அஞ்சு நாள் ஆச்சுல்லா. அப்ப அவுக உயிரோடதான் இருக்காக" என்றாள். பெரியவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

குற்றாலத்துக்காரர்களுக்குத் தண்ணீரைப் பற்றி ஒரு நிச்சயம் உண்டு. அருவியில் திடீரென்று வெள்ளம் வந்து யாரையாவது அடித்துக்கொண்டு போனால் ஆற்றோரமாகத் தேடிக்கொண்டே இறங்குவார்கள். மூன்று நாளைக்குள் பாறை இடுக்கிலோ மடைப்பக்கமோ ஒதுங்கியிருக்கும். ஒதுங்கவில்லை என்றால் ஆள் தண்ணீரில் விழவே இல்லை, யாரிடமோ கோபித்துக்கொண்டு எங்கேயோ பஸ் ஏறிவிட்டான் என்று அர்த்தம். அப்படிப் போன இரண்டு பேர் திரும்பி வந்து, தங்களைத் தேடின கதையைத் தாங்களே கேட்டுச் சிரித்ததை நாங்கள் சின்ன வயதில் பார்த்திருக்கிறோம். எங்களுக்குத் தெரிந்த தண்ணீர் அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு கடலுக்குக் கணக்குப் போட்டோம்.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் இருப்பதாகப் பெரியவர் சொன்னார். ஆள் தெரியாத உடம்பு கரை ஒதுங்கினால் அந்தந்த ஊர் மாதா கோயில் கல்லறையில் அடக்கம் பண்ணிவிடுவார்கள். உடுப்பை மட்டும் அலசி, கோயிலை ஒட்டின சாய்ப்புக் கூரைக்கு அடியில் கயிறு கட்டித் தொங்கவிடுவார்கள், தேடி வருகிறவர்கள் பார்ப்பதற்காக. தெற்கே ஒவ்வொரு ஊராகப் போய்ப் பார்க்கலாம், மழையில் மண்ரோடெல்லாம் அறுந்து கிடக்கிறது, கடல்வழியாகப் போனால்தான் எல்லா ஊரையும் தொட முடியும் என்றார். "எந்தம்பி வள்ளத்துல ஏறுனவன். தேடிக் குடுக்க வேண்டியது நான்தான்" என்றார். அவர் தேடப் போனது துணியை. அவள் தேடப் போனது, நீந்திக் கரையேறி யார் வீட்டிலோ காய்ச்சலோடு படுத்துக் கிடக்கிற மனுஷனை. அப்போது அவளுக்கு நாலு மாசம். அது எனக்கு மட்டும்தான் தெரியும், அதனால்தான் நான் கூடப் போனேன்.

பெண்பிள்ளை ஏறினால் மீன் படாது என்பார்களாம். பெரியவர் வலையை எல்லாம் இறக்கிக் கரையில் போட்டார். "வல இல்லேன்னா இது மீன்புடி வள்ளம் இல்ல, வெறும் மரம். ஏறுங்க" என்றார். மூன்று பேர் காலை நீட்டி உட்கார இடம் பத்தாது. பாய் விரித்ததும் வள்ளம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது கரை கையகலத்துக்குத் தெரிந்தது. எனக்கு ஒரு தகரடப்பாவைக் கொடுத்து, உள்ளே ஊறுகிற தண்ணீரை இறைக்கச் சொன்னார். எட்டு நாளும் என் வேலை அதுதான்.

"ஏட்டி, நீ எறைக்கத பாத்தா கடலையே காலி பண்ணிருவ போலுக்கே" என்றாள் அவள்.

"கடலு காலியானா எனக்கு சோலி இல்லாமப் போயிரும்லா தாயி, மெள்ள எறைக்கச் சொல்லு" என்றார் பெரியவர்.

முதல் நாள் இப்படிப் பேச்சு இருந்தது. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எது மேல், எது கீழ் என்று அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். "கடல்ல மேல கீழ கெடையாது தாயி. இன்னைக்கு தெக்க இழுக்கும், நாளைக்கு அதுக்கு என்ன தோணுதோ" என்றார். அவள் நம்பவில்லை. இரண்டாம் நாளிலிருந்து குமட்டலும் வாந்தியும். குடித்த தண்ணீர்கூட நிற்கவில்லை. வெயிலும் உப்பும் சேர்ந்து உதடு வெடித்துவிட்டது. ஆம்பளை ஒருத்தர் கூட இருக்கிற வள்ளத்தில் பெண்பிள்ளைகளுக்கு உள்ள கஷ்டத்தை நான் எழுத வேண்டாம். கரை எப்போது வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

ஒவ்வொரு ஊரிலும் இறங்கினதும் அவள் வீடு வீடாகப் போய், யாராவது ஆள் கரையேறி வந்தாரா என்று கேட்பாள். நான் கோயிலுக்குப் போய்க் கயிற்றைப் பார்ப்பேன். துணியைப் பார்க்க வேண்டாம் என்று அவளாகவே சொல்லிவிட்டாள். "நீ பாத்துட்டு வா. நீதான தச்ச" என்பாள். ஒரு ஊரில் பச்சைக் கைலி ஒன்று தொங்கியது. இன்னொரு ஊரில் சின்னப் பையன் போடுகிற கால்சட்டை. அது நம்முடையது இல்லை என்பதில் எனக்கு வந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அஞ்சாம் நாள் ஒரு ஊரில் இறங்கினோம். அவளால் எழுந்திருக்க முடியவில்லை, வள்ளத்தின் நிழலில் மணலிலேயே படுத்துவிட்டாள். நானும் பெரியவரும் கோயிலுக்குப் போனோம். கயிற்றில் ஒரே ஒரு சட்டை. நிறம் என்னவென்று சொல்ல முடியாதபடி வெளுத்து, ஒரு கை கிழிந்துபோயிருந்தது. நான் காலரைத் திருப்பிப் பார்த்தேன். கடைசித் தடவை என் சிநேகிதி வீட்டுக்காரருக்குச் சட்டை வெட்டும்போது துணி பத்தவில்லை. காலருக்கு அடியில் வெளியே தெரியாத இடத்தில், என் ரவிக்கை வெட்டினதில் மிச்சமிருந்த மஞ்சள் பூப்போட்ட துண்டை வைத்துத் தைத்திருந்தேன். அந்தப் பூ அங்கே இருந்தது.

கோயில் காரியங்களைப் பார்க்கிற உபதேசியார் ஒரு நீள நோட்டை எடுத்துக்கொண்டு வந்தார். "உடம்பு அடையாளமும் எழுதி வச்சிருக்கோம்மா. வாசிக்கட்டுமா?" என்றார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் அப்போதே ஒரு முடிவு கிடைத்திருக்கும். எனக்கு அந்த இடத்தை விட்டுப் போனால் போதும் என்று இருந்தது.

சட்டையைக் கயிற்றிலேயே விட்டுவிட்டு, கோயிலிலிருந்து வள்ளத்துக்கு நடக்கிற வழி முழுக்கச் சொல்ல வேண்டிய வார்த்தையை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். என்னைப் பார்த்ததும் அவள் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். நான் வாயைத் திறக்கும் முன்னாலேயே, "இல்லதான?" என்றாள்.

நான் இல்லை என்று சொல்லவில்லை. சட்டை இருக்கிறது என்றும் சொல்லவில்லை. நின்றேன், அவ்வளவுதான். பேசாமல் நிற்பது எனக்குப் பழக்கம், அவளுக்கும் அது பழக்கம். "எனக்குத் தெரியுமே. மூணாம் நாள் தாண்டிட்டுல்லா. ஏட்டி, கஞ்சி இருந்தா ஊத்து" என்றாள். நாலு நாளாக ஒன்றும் தங்காத வயிற்றுக்கு இரண்டு கிண்ணம் குடித்தாள். அவள் குடிக்கிறதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வயிற்றில் இருக்கிற பிள்ளையும் சேர்ந்து குடிக்கிறது என்று நினைத்தேன். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது?

பெரியவர் நான் அந்தச் சட்டையின் காலரைத் திருப்பினபோது பக்கத்தில் நின்று பார்த்தவர். தண்ணீர்க்குடத்தை வள்ளத்தில் ஏற்றும்போது என் பக்கம் வந்து, "நீ சொல்லுதவரைக்கும் நான் பாயை விரிப்பேன் தாயி. நானாச் சொல்ல மாட்டேன்" என்றார். அப்படியே விரித்தார். இன்னும் மூன்று நாள், மூன்று ஊர். தேட ஒன்றும் இல்லை என்று தெரிந்தே அவர் பாயைப் பிடித்தார், நான் தண்ணீரை இறைத்தேன், அவள் கரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மற்ற ஊர்களிலும் இறங்கிக் கோயிலுக்குப் போய்க் கயிற்றைப் பார்ப்பதுபோல நின்றுவிட்டு வந்தேன். கடைசி ஊரில் எங்களைப் பஸ் ஏற்றிவிடும்போது, "வீட்டுக்குப் போயாவது சொல்லிரு. மண்ணுக்குள்ள கெடக்கவனுக்கு ஒரு பேரு வேணும்லா" என்றார். அவரைப் பிறகு நான் பார்க்கவில்லை.

நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பிள்ளை பிறக்கட்டும் என்று இருந்தேன். பிறந்தான். பால்குடி மறக்கட்டும் என்று இருந்தேன். அதற்குள் அவள் நம்பிக்கை ஒரு வீடு மாதிரி ஆகிவிட்டது, அதற்குள்ளேதான் அவள் இருந்தாள், பிள்ளையை வளர்த்தாள். கடையநல்லூரிலிருந்து துபாய்க்குப் போகிறவர்கள் கையில் எல்லாம் அவர் போட்டோவைக் கொடுத்துவிட்டாள். துறைமுகத்தில் அதே சாயலில் ஒருவரைப் பார்த்தேன் என்று ஒருத்தர் வந்து சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தையை வைத்து அவள் பத்து வருஷம் ஓட்டினாள். இரண்டாவது கல்யாணத்துக்கு நல்ல மனுஷர் ஒருவர் கேட்டு வந்தார். "புருஷன் இருக்கவளப் பாத்து கேக்கதப் பாரு" என்று சிரித்து அனுப்பிவிட்டாள். ஆடி அமாவாசைக்கு ஊர் ஜனமெல்லாம் அருவிக்கரையில் எள்ளும் தண்ணீரும் விடும்போது, அவள் பழக்கூடைக்குப் பின்னால் பொட்டும் பூவுமாக உட்கார்ந்திருப்பாள்.

போன வருஷம் இறந்துபோனாள். குளிப்பாட்டின பிறகு பூ வைக்கலாமா கூடாதா என்று பெண்களுக்குள் பேச்சு வந்தது. "காணலேன்னுதான இருந்தா, செத்துட்டாகன்னு ஒருநாளும் சொல்லலையே. வைங்க" என்றாள் ஒருத்தி. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான்தான் அவள் நெற்றியில் குங்குமம் வைத்தேன்.

இந்த ஆடியில் அவள் மகன் அம்மாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கப் போனான். ஐயர் அப்பா பேரைக் கேட்டு, இருக்கிறாரா இல்லையா என்று கேட்டிருக்கிறார். அவன் பதில் சொல்லத் தெரியாமல் ஈரவேட்டியோடு என்னிடம் வந்தான். "சித்தி, நீங்கதான அம்மாகூட கடல்ல போனீங்க. அப்பா பேரச் சொல்லணுமா வேண்டாமா?" என்றான். தலையில் நரை விழுந்த பிள்ளை. அப்போதும் உண்மை என் வாயில் வரவில்லை. தெரியலையே என்று சொல்லி அனுப்பிவிட்டு, மறுநாள் போய் இந்த நோட்டை வாங்கினேன்.

இதைப் படிக்கிறவர்களில் அந்தப் பக்கத்தைத் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்ல வேண்டும். ஊர்ப் பெயரை நான் அப்போதும் கேட்டுக்கொள்ளவில்லை. புறப்பட்ட அஞ்சாம் நாள் போன ஊர், செம்மண் மேட்டுக்கு அடியில் கோயில், பக்கத்தில் உப்புக்கரிக்காத கிணறு, அவ்வளவுதான் ஞாபகம். அதுவும் சரியோ என்னவோ. அந்தக் கோயிலில் பழைய நோட்டு இருந்தால், ஆள் தெரியாமல் அடக்கம் பண்ணினவருக்கு அவள் வீட்டுக்காரருக்கு இருந்ததுபோல வலது முழங்கைக்குப் பக்கத்தில் எண்ணெய் சுட்ட தழும்பு என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் அவள் மகனிடம் சொல்லிவிடலாம். சட்டையை மட்டும் வைத்து நிச்சயமாகச் சொல்ல முடியாது, அந்தப் பூப்போட்ட துணி தென்காசியில் நான் ஒருத்தி மட்டும் வாங்கியது இல்லை. தழும்பு இல்லை என்று இருந்தால் அதையும் எனக்குச் சொல்லுங்கள். எதுவானாலும் தை அமாவாசைக்கு முன்னால் தெரிந்தால் நல்லது.