அப்பாவின் கட்டைவிரல் அனுப்பிய தகவல்

போன செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, என் அப்பா டாக்டரம்மாவிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாம் மரியாதைக்காக!

அப்பா பொள்ளாச்சியில் தேங்காய் லோடு ஏற்றுகிறவர். நடுமுதுகில் டிஸ்க் பிதுங்கி, தண்டுவடத்தை அழுத்தி, வலது பாதம் மரத்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரம். உணர்ச்சி திரும்பினால் நடக்கப் பழக்குவார்கள். இல்லையென்றால் மறுபடி ஸ்கேன்... ஒருவேளை மறுபடி கத்தி.

டாக்டரம்மா, தட்டினால் ரீங்கரிக்கும் ஓர் இரும்புக் கவையைத் தட்டி, அதிர அதிர அவருடைய வலது கால் கட்டைவிரலில் வைத்தார். தெரியுதுங்க என்றார் அப்பா. கணுக்காலில் வைத்தார். அங்கேயும் அதே பதில். அடுத்து, அதிர்வை நிறுத்திவிட்டுச் சும்மா வைத்தார்.

"நல்லாத் தெரியுதுங்க அம்மணி."

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். டாக்டர் என்னைத்தான் பார்த்தார். குனிந்து அப்பாவிடம் மெதுவாக விசாரித்தேன்.

"அந்தப் புள்ள அத்தனை நேரம் நின்னு ஆபரேசன் பண்ணிருக்குது. தெரீலைன்னா மனசு நோகாதா கண்ணு?"

இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு 'இல்லை' என்ற சொல் அவ்வளவு சுலபமாக வாயில் வருமா என்ன?

அது காதில் விழுந்து டாக்டர் சிரித்துவிட்டு, அந்த அதிர்வு போகிற வழியை ஒரு சீட்டில் படம் போட்டுக் காட்டினார். பார்த்ததும் எனக்குப் புல்லரித்துவிட்டது! கட்டைவிரலின் அதிர்வு மூளைக்குப் போக மூன்றே மூன்று நரம்பு செல்கள்தான். முதல் செல்லின் இழை பாதத்தில் தொடங்கி, தண்டுவடம் வழியாகப் பிடரி வரை ஒரே ஓட்டம் — கிட்டத்தட்ட ஆள் உயரம்! அங்கே இரண்டாவது செல் வாங்கி, மறுபக்கம் தாண்டி, மூளைக்குள் இருக்கும் தலாமஸில் சேர்க்கிறது. மூன்றாவது, மூளையின் மேல்பரப்புக்கு. வலி, சூடு, குளிர்ச்சி போகிற பாதை வேறு. அது தண்டுவடத்துக்குள்ளேயே பக்கம் மாறிவிடுமாம். நம் முதுகுக்குள் இத்தனை ரூட்டா!

அப்பாவிடம் சொன்னேன்: கண்ணை மூடிக்கோங்க, ஆமா, இல்லை எதுவும் வேண்டாம், எப்படி இருக்குதுன்னு மட்டும் சொல்லுங்க.

டாக்டர் முதலில் கவையை அதிரவிடாமல் சும்மா வைத்தார். சில்லுன்னு இருக்குது, அவ்வளவுதானுங்க என்றார். கவையைத் தட்டி மறுபடி வைத்தார். அப்பாவின் நெற்றி மெல்லச் சுருங்கியது.

"ஏனுங்க... லாரி ஸ்டார்ட்டுல நிக்கறப்ப பாடியில கை வெச்சா ஒரு உதறல் வருமல்லங்க... லேசா, அந்த மாதிரி."

கண்ணைத் திறந்தவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "சொன்னது செரிதானுங்களா?"

டாக்டரம்மா நர்ஸிடம் வாக்கரை எடுத்து வரச் சொன்னார்.