கில்லாவை ஒட்டிய வீடு

தாராவியில் இருக்கும் காலா கில்லாவைக் கட்டியவர் ஒரு வெள்ளைக்காரக் கவர்னர். கம்பெனிக்காரன் வைத்திருந்தான், பிறகு ராணி வைத்திருந்தாள், பிறகு நம் சர்க்கார் கைக்கு வந்தது. இத்தனை கை மாறியும் அந்தக் கருங்கல் கோட்டையிடம் வந்து, உன் காகிதத்தைக் காட்டு என்று ஒருத்தனும் கேட்டதில்லை. அதன் முதுகில் ஒட்டிக் குடியிருந்த பேராச்சியிடம்தான் கேட்டார்கள்.

அவள் வீடும் கை மாறி வந்ததுதான். தோல் பட்டறையில் வேலை பார்த்த ஜம்பு முதலில் தகரம் அடித்து உட்கார்ந்தான். அவனிடமிருந்து ஒரு பீகார் டெய்லர் வாங்கினான். டெய்லரிடமிருந்து தொண்ணூற்று நாலில் வாங்கியவன் பேராச்சியின் புருஷன் அய்யாத்துரை. அந்தச் சந்தில் வீட்டை விற்றால் பெயர் மாற்றுகிற வழக்கமே கிடையாது. குடிசைக்காரர்களுக்கு சர்க்கார் கொடுத்த போட்டோ பாஸ் அட்டையில் இன்னமும் ஜம்புவின் முகம், லைட் பில்லில் டெய்லரின் பெயர். அய்யாத்துரை பெயர் இருந்த ஒரே முத்திரைத்தாளும் ரெண்டாயிரத்து அஞ்சு வெள்ளத்தில் ஊறிக் கூழாகிவிட்டது. போதாததற்கு, தகரத்தைப் பிரித்துச் செங்கல் வைத்தபோது அந்த மகராசன் மூன்று சுவர்தான் எழுப்பினான். பின்னால் கோட்டைச் சுவர் மலை மாதிரி நிற்கும்போது நாலாவது எதற்கு?

அவன் போய்ச் சேர்ந்து பதினோரு வருஷமாகிறது. பை தைக்கிற பட்டறையில் பிசிறு நூல் வெட்டியே பேராச்சி மகள் கோகிலவாணியைக் கல்யாண் டவுனில் கட்டிக்கொடுத்தாள். மிச்சம் இருந்தது அந்தப் பத்தடி வீடு ஒன்றுதான்.

தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார்கள், அதற்கு சர்வே வரப்போகிறது என்று சந்து முழுக்கப் பேச்சு. ரெண்டாயிரத்துக்கு முந்தைய வீடென்றால் இங்கேயே ஒரு வீடு கிடைக்குமாம். புதிது என்று எழுதிவிட்டால் மான்குர்த் பக்கம் எங்கோ வாடகைக்குப் போக வேண்டியதுதானாம். காகிதம் இல்லாத இடத்தில் வீட்டின் பழமையைக் கண்ணால் பார்த்து எழுதுவார்களாம்.

கொத்தனார் வேல்ராஜ் ஒரு யோசனையோடு வந்தான்.

"சித்தி, கோட்டச் சுவர ஒன் சுவருன்னு காட்டுனியன்னா, சர்க்கார் எடத்த வளைச்சிருக்கன்னு எழுதிருவான். உள்ளுக்குள்ள ஒரு சுவர் ஏத்திருவோம்."

"இருக்கதே பத்தடி. அதுல ஒரு சாண் போயிரும்லா?"

"சாண் போனா போவுது. வீடு நிக்கும்லா?"

பேராச்சி தோட்டை அடகு வைத்தாள். இரண்டே நாளில் சுவர் ஏறிவிட்டது. பக்கத்து வீட்டு அப்ராரும் அவளைப் போலத் திருநெல்வேலிக்காரன்தான். அவன் வீட்டுக்கும் கோட்டைதான் பின்சுவர். சோம்பேறிப் பயல், அசையவே இல்லை. "எனக்கு முடியாதுக்கா. வாரது வரட்டும்" என்று படுத்துக்கொண்டான்.

மறுநாள் காலையிலேயே சர்வேக்காரப் பெண் வந்து நின்றாள். முதலில் அப்ரார் வீடு. கரி படிந்து கிடந்த கருங்கல்லையும், அதில் துருப்பிடித்துத் தொங்கிய ஆணிகளையும் போட்டோ எடுத்தாள். கோட்டையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பழைய வீடு என்று எழுதிக்கொண்டு வெளியே வந்தாள்.

பேராச்சி வீட்டில் காகிதம் கேட்டாள். இவள் பெயரில் ஒன்றும் இல்லை என்றதும் சுவரைத் தொட்டாள். விரலில் சிமெண்டு ஒட்டியது.

"யே கப் பனா?" இது எப்போது கட்டியது என்று கேட்டாள்.

பாவி மகள் பேராச்சி உள்ளதைச் சொல்லியிருக்கலாம். பயத்தில், "பஹுத் புரானா ஹை", ரொம்பப் பழையது என்றாள்.

அந்தப் பெண் திட்டவில்லை. கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு 'புதியது' என்று பதிந்தாள். நம்பர் எழுதிய பலகையைப் பேராச்சி கையில் கொடுத்து, அந்த ஈரச் சுவருக்கு முன்னாலேயே நிறுத்திப் போட்டோவும் எடுத்தாள். சுவர்தான் புதிது, வீடு முப்பது வருஷத்து வீடு என்று பேராச்சி இந்தியில் கெஞ்சினாள். போன வாரம் வந்திருந்தால் நானும் பழையது என்றுதான் எழுதியிருப்பேன் அம்மா என்று அந்தப் பெண்ணும் இந்தியில் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

பேராச்சி சுத்தியலை எடுத்தாள். ஓடி வந்த வேல்ராஜ் கையைப் பிடித்துக்கொண்டான்.

"போட்டோல சுவர் இருக்கு சித்தி. இப்ப இடிச்சா அந்த நம்பரும் செல்லாமப் போயிரும்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"கோட்டைக்காரன் வந்து கேப்பான், கேப்பான்னு பயந்துல்லால இத கெட்டுனேன்," என்றாள். "எவம்ல வந்து கேட்டான்?"