மாடிக்கு நான் அனுப்பியவள்

என் கல்யாண ஆல்பத்தை யாராவது புரட்டிவிட்டு, "அப்போ நல்ல கலரா இருந்திருக்கேளே" என்றால் எனக்குப் பேச்சை மாற்றத் தோன்றும். அந்தக் கலருக்காக நான் செய்த காரியத்தை நாற்பது வருஷமாக மூன்று பேரிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை.

எழுபதுகளின் கடைசி. மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் சுக்கும் மிளகும் அடைத்த பண்டகசாலைகள். அண்ணா அதில் ஒன்றில் குமாஸ்தா. அப்பா காலமாகிவிட்டார். அம்மா, அண்ணா, மன்னி, நான் என்று நாலு பேர். மன்னி பாலக்காட்டுப் பெண், என்னைவிட ஒரு வயதுதான் பெரியவள். அதிர்ந்து பேசமாட்டாள். அதை நான் அசட்டுத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வாய் நீளம், அது கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு.

அந்த மீன மாதத்தில், நம் பங்குனியில், மன்னிக்கு ஏழு மாதம். கொச்சியின் மீன மாதம் வெறும் வெயில் இல்லை. காற்றே ஈரத்துணி மாதிரி மேலே ஒட்டும், குளித்துவிட்டு வந்து தலை துவட்டுவதற்குள் மறுபடி வேர்க்கும். பக்கத்து வீட்டில் ஒரு நர்ஸ் சேச்சி இருந்தாள். ஒரு நாள் மன்னியின் கணுக்கால் வீக்கத்தை அழுத்திப் பார்த்துவிட்டு என்னைத்தான் கூப்பிட்டாள். வீட்டில் வேலை வெட்டி இல்லாமல் இருந்தவள் நான்தானே.

"மோளே, பத்து மணி கழிஞ்ஞா இவளை வெயிலத்து விடருது. உப்பிட்ட கஞ்சிவெள்ளம் இடைக்கிடைக்குக் கொடுக்கணும். தல சுத்துன்னுன்னு பறஞ்ஞா உடனே நிழல்ல கிடத்தி, நனைச்ச துணி போடணும். நீ நோக்கிக்கணும், கேட்டோ?"

கேட்டேன். பத்து மணிக்கு மேல் வெயிலில் விடக்கூடாது, நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்கெல்லாம் தலையை நன்றாகவே ஆட்டினேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு அதனால்தான் வழியில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. பையன் பம்பாயில் உத்தியோகம். ஒரு மாதமாக அம்மா என்னை வெயிலில் இறங்கவிடவில்லை. ஏற்கெனவே ஒரு இடம் "பெண் கொஞ்சம் நிறம் மட்டு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தது. பால், பயத்தமாவு, தயிர் என்று என்னென்னவோ பூசிக்கொண்டு கண்ணாடியே கதியாகக் கிடந்தேன்.

வியாழக்கிழமை விடியற்காலையில் மழைக்காலத்துக்கான கருவடாம் பிழிந்தாயிற்று. சமையலறைக்கு மேலே புதிதாக வார்த்த மொட்டைமாடியில் நாலு வேஷ்டி நிறையப் பரத்தியிருந்தோம். யாராவது கம்போடு உட்காராவிட்டால் காக்கை ஒன்றையும் மிச்சம் வைக்காது. அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமைக்குச் சாமான் வாங்க எறணாகுளம் போகவேண்டியிருந்தது. போட் ஜெட்டிக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று என்னிடம் சொன்னாள்:

"மன்னியை மாடிக்கு அனுப்பாதே. ஒரு நாள் நீயே போய் உட்காரு. குடையைப் பிடிச்சுண்டா ஒண்ணும் கறுத்துட மாட்டே."

மன்னி கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இது கேட்கவில்லை. அம்மா தெருமுனை திரும்பியதும் நான் கொல்லைக்குப் போனேன்.

"மன்னி, கருவடாத்துக்கு உங்களைக் காவல் இருக்கச் சொன்னா அம்மா."

அவ்வளவுதான் சொன்னேன். மாமியார் சொன்னால் எங்கள் வீடுகளில் மறுபேச்சு கிடையாது, அது எனக்குத் தெரியும். நானாகக் கேட்டிருந்தால் "எனக்கு வய்யாடி, முடியலை" என்று அவள் சொல்லியிருப்பாள். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, குடை எங்கே என்று கேட்டாள். அம்மா எடுத்துண்டு போயிட்டா என்றேன். அது நிஜம். ஆனால் கதவுக்குப் பின்னால் என்னுடைய புதுப் பட்டன் குடை தொங்கிக்கொண்டிருந்தது. சாம்பல் கையால் பிடித்து அழுக்காக்கிவிடுவாள் என்று நான் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை. மன்னி புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினாள்.

நான் முகத்தில் பயத்தமாவைக் குழைத்துப் பூசிக்கொண்டு ஃபேனுக்குக் கீழே படுத்தேன்.

பதினொரு மணி இருக்கும். மாடிப்படி மேலேயிருந்து மன்னி கூப்பிட்டாள். "கொஞ்சம் ஜலம் தரியா?" இதோ என்றேன். முகத்தில் மாவு காய்ந்துகொண்டிருந்தது, எழுந்தால் விரிசல் விடும். இன்னொரு தடவை கூப்பிட்டாள். அதற்கும் இதோ என்றேன். மூன்றாவது தடவை கூப்பிடவில்லை. சரி, தாகம் அடங்கிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். தாகம் தானாக அடங்குமா என்று யோசிக்கிற அளவுக்கு எனக்கு அன்று மூளை இல்லை, அல்லது மனசு இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து மேலே காக்கைகள் கூட்டமாகக் கத்தின. அப்போதும் எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். ஒரு காக்கையைக்கூட விரட்டத் துப்பில்லையா இவளுக்கு என்று முணுமுணுத்துக்கொண்டே படி ஏறினேன்.

கைப்பிடிச்சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கம்பு கையில் அப்படியே இருந்தது. காக்கைகள் அவள் காலுக்குப் பக்கத்திலேயே கொத்திக்கொண்டிருந்தன. முகம் செக்கச்செவேல் என்று, ஒரு பொட்டு வேர்வை இல்லாமல் இருந்தது. தொட்டேன், அடுப்பு மேல் வைத்த தோசைக்கல் மாதிரி கொதித்தது. என்னைப் பார்த்து "அம்மா" என்றாள். அவளுடைய அம்மா பாலக்காட்டில் இருக்கிறாள். எனக்கு அப்போதுதான் பயம் வந்தது.

கத்தினேன். நர்ஸ் சேச்சி டியூட்டிக்குப் போயிருந்தாள். அவள் மாமியாரும் நானும் மன்னியைப் படி நிழலுக்கு இழுத்து, குடம் குடமாக ஜலத்தைக் கொட்டி, டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம்.

அம்மா சாயங்காலம் சாமான் பையும் கையுமாக நேரே ஆஸ்பத்திரிக்கே ஓடி வந்தாள். மன்னிக்கு அதற்குள் நினைவு தெளிந்திருந்தது, வலியும் ஆரம்பித்திருந்தது. அம்மா பையைக் கீழே வைக்கக்கூட இல்லை.

"உன்னை யார் மாடிக்குப் போகச் சொன்னா?"

மன்னி ஒரு நிமிஷம் அம்மாவைப் பார்த்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். என் காதோரத்தில் காய்ந்த பயத்தமாவு அப்படியே இருந்திருக்கும், நான் கழுவவே இல்லை. அந்த ஒரு பார்வையில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நான் கீழே பார்த்துக்கொண்டேன்.

"நானாத்தான் போனேன்மா," என்றாள்.

மறுநாள் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு நாள்தான் உயிரோடு இருந்தது. வெயிலால்தான் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அந்த ஒரு வார்த்தையை நான் தாயத்து மாதிரி கட்டிக்கொண்டு ரொம்ப நாள் திரிந்தேன். நர்ஸ் சேச்சி ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் அவள் என்னை மோளே என்று கூப்பிட்டதில்லை.

பெண் பார்ப்பது தள்ளிப்போயிற்று. அவர்கள் வந்தபோது, வைகாசி நடுவில் தொடங்கும் இடவப்பாதி மழை பிடித்துவிட்டது. வெளியே நின்றாலும் யாரும் கறுக்க முடியாத காலம். என்னைப் பிடித்திருக்கிறது என்று சொன்னார்கள். என்ன நிறம் பார்த்தீர்கள் என்று பிற்பாடு என் வீட்டுக்காரரிடம் கேட்டதற்கு, "பஜ்ஜி நன்னா இருந்தது, அதுதான் ஞாபகம் இருக்கு" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாலு வருஷம் கழித்து, என் தலைச்சன் பிரசவத்துக்கு அதே வீட்டுக்கு வந்தேன். எனக்கும் ஏழு மாதம், அதே மீன மாதம். மன்னிக்கு அதற்குப் பிறகு குழந்தை உண்டாகவில்லை. அந்த நாலு வருஷமும் அம்மா அவளை எந்தெந்த வார்த்தையால் குத்தியிருக்கிறாள் என்று அண்ணா ஜாடையாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். வந்த இரண்டாம் நாளே அதை என் காதாலேயே கேட்டேன். மன்னி எனக்கு இஞ்சி தட்டிப் போட்ட மோர்ச் சம்பாரம் கொண்டு வந்து நின்றபோது, அவளை வைத்துக்கொண்டே அம்மா சொன்னாள்:

"சொன்னா கேக்காம வெயில்ல போய் நின்னு வயித்துப் பிள்ளையைத் தொலைச்சாளே உன் மன்னி, அது மாதிரி நீ பண்ணாதே."

மன்னியின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. பழகிப்போயிருந்தது. சம்பாரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லிவிட்டேன். நீ மன்னியை அனுப்பாதே என்றாய், நீதான் போகச் சொன்னதாக நான் அவளிடம் சொன்னேன் என்று. குடையைச் சொன்னேன். இரண்டு தடவை ஜலம் கேட்டதையும் சொன்னேன்.

எனக்கு விழப்போகிற அடிக்காகக் காத்திருந்தேன், அது விழுந்தால் தேவலை என்றிருந்தது. அம்மாவோ, "வயித்துல பிள்ளையை வச்சுண்டு இப்போ எதுக்கு இதெல்லாம்? போய்ப் படு" என்றாள். மன்னி பக்கம் அவள் திரும்பவே இல்லை. நாலு வருஷமாக மன்னிக்குக் கொடுத்ததில் ஒரு வார்த்தைகூட எனக்கு வரவில்லை. நான் அம்மா பெற்ற பெண், மன்னி வந்த பெண்.

மறுநாள் கருவடாம் பிழிந்தார்கள். பத்து மணிக்கு மன்னி கம்பை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். யாரும் சொல்லவில்லை, வழக்கமாகவே அவள்தான் போகிறாளாம். நான் உள்ளே நிழலில், காலைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தேன். படுக்க முடியவில்லை. கதவுக்குப் பின்னால் அந்தப் பட்டன் குடை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது, துணி மட்டும் வெளுத்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு மெதுவாகப் படி ஏறி, மேல்படியில் நின்று நீட்டினேன்.

"மன்னி, குடை."

அவள் திரும்பிப் பார்த்தாள். கோபம் ஒன்றும் இல்லை அந்த முகத்தில். ஓடி வந்து என்னை வெயில் படாமல் மறைத்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கு இனிமே எதுக்குடி குடை?" என்றாள். "நீ உள்ள போ."