அக்கா தனக்குப் போட்டுக்கொண்ட அளவுகள்

உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலருடைய வீட்டுக் கல்யாணப் பத்திரிகையைச் செய்துகொடுத்தவர் அக்கா. அவர் இல்லாமல் ஓராண்டு போய்விட்டது. அவருக்காக ஒரு மலர் போடலாம் என்று முடிவானதும், அதை எப்படி அமைப்பது என்று கேட்பதற்கு எங்களுக்கு அக்காவைத் தவிர வேறு ஆள் தெரியவில்லை என்பதுதான் முதலில் உறைத்தது.

அக்கா திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், எங்கள் பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தார். அம்மா நடவுக்கும் களைக்கும் அறுப்புக்கும் போனவர். அப்பா உழுத வயல்கள் எல்லாம் பிறருடையவை. நான் அக்காவுக்கு ஏழு வயது இளையவள். அக்கா பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கோடையில் அப்பா காலமானார். கல்லூரிக்கு எழுதி வைத்திருந்த விண்ணப்பத்தை அக்கா அனுப்பவே இல்லை. தட்டச்சு கற்றிருந்ததால், டவுனில் ஓர் அச்சகத்தில் கணினியில் எழுத்துக் கோக்கும் வேலை கிடைத்தது. பிறகு நான் படித்ததும், இன்று தஞ்சாவூரில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பதும் அக்காவால்தான். அதை அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை.

அக்காவை அறிந்தவர்கள் எல்லோருக்கும் அவருடைய 'அளவுகள்' தெரியும். பத்திரிகை என்றால் இரண்டு எழுத்துரு, இரண்டு நிறம், மூன்று மாதிரி. அதற்கு மேல் தரமாட்டார். வீட்டில் வாரத்துக்கு ஏழு குழம்பு எழுதிச் சமையலறையில் ஒட்டியிருப்பார். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எந்த முடிவும் எடுக்கமாட்டார். பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவளுக்கு எதையும் ஏன் என்று கேட்கும் பழக்கம் வந்துவிடும். இவர் ஏன் இப்படி இருக்கிறார், இப்படி இருந்தும் எப்படி இவ்வளவு செய்கிறார் என்று எனக்குத் தீராத ஆச்சரியம். கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அச்சகத்தில் முதலில் இருந்தது ஒரு பழைய கணினி. அதில் உருப்படியாக வேலை செய்த தமிழ் எழுத்துரு இரண்டே இரண்டு. அதைக் கொண்டு அக்கா செய்த பத்திரிகைகள் பளிச்சென்று இருக்கும், பிழை இருக்காது என்று பெயர் வாங்கினார். மூன்று வருடம் கழித்து முதலாளி புதுக் கணினி வாங்கினார். நூற்றுக்கணக்கில் எழுத்துரு, விதவிதமாகப் பூ வேலை. முதலாளிக்குப் பெருமை, அக்காவுக்கு ஆனந்தம்.

அந்த மாதமே ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. பெண் வீட்டார் நான்கு பேர் அக்காவின் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஓரத்தில் மயில் போடுவதா மாங்காய் போடுவதா என்று நான்கு மணி நேரம் பேசினார்கள். கடைசியில் மயில் ஜெயித்தது. அச்சடித்து, ஊரெல்லாம் கொடுத்தும் ஆயிற்று. பத்து நாள் கழித்து வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர் சைக்கிளைச் சாத்திவிட்டு உள்ளே வந்தார். கையில் அந்தப் பத்திரிகை.

"இதை அடிச்சது யாரும்மா?"

"நான்தாங்க ஐயா."

"நான் பொண்ணோட தாத்தா. நான் எப்பம்மா தவறிப்போனேன்? வீட்ல யாரும் எங்கிட்ட சொல்லவே இல்லையே."

அக்கா வாங்கிப் பார்த்தார். பெரியவர் பெயருக்கு முன்னால் 'தெய்வத்திரு' என்று இருந்தது. முந்தைய பத்திரிகையின் படிவத்திலேயே பெயரை மாற்றியபோது அந்த ஒரு சொல் அப்படியே தங்கிவிட்டது. அக்காவும் பார்க்கவில்லை, பின்னால் உட்கார்ந்திருந்த நான்கு பேரும் பார்க்கவில்லை.

"நேத்து குத்தாலத்துலேர்ந்து எங்க சொந்தக்காரர் ஒருத்தர் மாலையோட வந்துட்டாரு. நானே போய்க் கதவத் தெறந்தேன். பாவம், அவரு ஆடிப்போயிட்டாரு" என்றார் பெரியவர்.

சொல்லிவிட்டு அவரே சிரித்தாராம். அக்காவால் சிரிக்க முடியவில்லை. அழுதுவிட்டார். "அழாதம்மா, இருக்கும்போதே யார் யாரு வருவாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டேன்" என்று அவர்தான் தேற்றிவிட்டுப் போனார். முதலாளியும் திட்டவில்லை. மறுபடி அச்சடித்துக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்த அக்கா என்னிடம் கேட்டது நினைவிருக்கிறது. "அந்த நாலு மணி நேரமும் நான் எதைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்டி? பழைய கம்ப்யூட்டர்ல இந்த மாதிரி ஒரு தப்புகூட வந்ததில்ல." அவரே பதிலும் சொன்னார்: "அதுல பார்க்கறதுக்கு எழுத்தத் தவிர வேற ஒண்ணும் இல்ல. அதான் எழுத்தைப் பார்த்தேன்."

மறுநாள் புதுக் கணினியில் தனக்கென இரண்டு எழுத்துருவை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார். "இவ்வளவு வாங்கிப் போட்டிருக்கேன், நீ ரெண்டுல நிக்கிறியே" என்று முதலாளி சிரித்தார். அக்கா மாறவில்லை. பின்னாளில் சொந்தமாகக் கடை வைத்தபோதும் அதே அளவுதான்.

கல்யாணத்திலும் அக்கா அளவு போட்டார். மூன்று வரன் பார்ப்பேன், மூவரில் ஒருவருக்குச் சம்மதம் சொல்வேன் என்றார். பெரியம்மா கோபித்துக்கொண்டார். "கத்திரிக்காய் வாங்கவே நாலு கடை பார்க்கிறோம், நீ என்னடி மூணுங்கிற?" என்றார். "நாப்பது பேரைப் பார்த்தா நாப்பதாவது ஆள்கிட்டயும் குறைதான் பெரியம்மா தெரியும். மூணு பேர்னா ஒவ்வொருத்தரையும் ஒழுங்கா பார்ப்பேன்" என்றார் அக்கா. இரண்டாவதாக வந்தவர் அத்தான். வயல் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். பெண் பார்க்க வந்த இடத்தில் எங்கள் வீட்டு மின்விசிறி கடகடவென்று சத்தம் போட, அனுமதி கேட்டு ஸ்டூலில் ஏறிச் சரி செய்துவிட்டு இறங்கினார். மூன்றாவது வரனைப் பார்க்க அக்கா மறுத்துவிட்டார்.

அளவு போட்டால் கற்பனை குறையாதா என்று ஒருமுறை கேட்டேன். பதிலாக ஒரு பத்திரிகையை எடுத்துக் காட்டினார். எங்கள் தெருக்காரர் ஒருவர் மகள் கல்யாணத்தை வீட்டு வாசலிலேயே பந்தல் போட்டு நடத்தினார். ஒரே நிறம் போதும், படம் வேண்டாம் என்றிருக்கிறார். அக்கா அரை நாள் அந்த வெற்றுத் தாளையே பார்த்திருக்கிறார். பிறகு, "வீட்டுக்கு எப்படி வர்றதுன்னு வெளியூர்க்காரங்களுக்குச் சொல்ற மாதிரி எனக்குச் சொல்லுங்க" என்று அவரைக் கேட்டிருக்கிறார். பஸ்ஸை விட்டு இறங்கி, வாய்க்கால் கரையோடு வந்து, இரண்டாவது மதகில் திரும்பி, மோட்டார் கொட்டகையைத் தாண்டி என்று அவர் சொல்லச் சொல்ல, அக்கா தாளைவிட்டுப் பேனாவை எடுக்காமல் ஒரே கோடாக வரைந்துவிட்டார். அந்தக் கோடுதான் பத்திரிகையின் அழகு. சென்னையிலிருந்து வந்தவர்கள்கூட யாரையும் வழி கேட்காமல் பந்தலுக்கு வந்து சேர்ந்தார்கள். அதன்பின் 'வழி போட்ட பத்திரிகை' வேண்டும் என்று கேட்டு வந்தவர்கள் எத்தனையோ பேர்.

எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்லமாட்டேன். காதுகுத்துக்கு ஃப்ளெக்ஸ் போட வந்த தாய்மாமன் ஒருவர் முப்பது போட்டோ கொண்டு வந்தார். "இதுல குழந்தை எங்கங்க?" என்று அக்கா கேட்க, அவர் தேடிவிட்டு, "பேனர்ல எங்க ஆளுங்க தெரியணும்மா, குழந்தையை வீட்லயே பார்த்துக்குவாங்க" என்று கோபமாகக் கிளம்பினார். போனவர் திரும்பி வரவில்லை. வருகிறவர்களை ஏன் விரட்டுகிறாய் என்று நான் சண்டை போட்டேன். "வெரட்டலடி. என்னால இவ்வளவுதான் நல்லா செய்ய முடியும்" என்று முடித்துக்கொண்டார்.

அவருடைய அளவுகளில் ஒன்று தவறாகப் போனதையும் எழுதியாக வேண்டும். தை முதல் வைகாசி வரை முகூர்த்தக் காலம். அந்த மாதங்களில் ஒரு நாளும் கடையை மூடுவதில்லை என்று வைத்திருந்தார். மாசியில் வயிற்று வலி தொடங்கியது. ஆனியில்தான் மருத்துவரிடம் போனார். அதற்குள் நோய் பரவியிருந்தது. ஆத்திரம் தாங்காமல், "எல்லாத்துக்கும் அளவு போட்டியே, வலிக்கு ஏன்க்கா போடல?" என்று கேட்டுவிட்டேன். "இத்தனை நாளைக்கு மேல வலிச்சா போய்க் காட்டணும்னு ஒண்ணு போட்டிருக்கணும். போடல. தப்புதான்" என்றார் அக்கா. அளவைச் சரியான இடத்தில் போடுவதுதான் கடினம் என்பது எனக்கு அன்று புரிந்தது. நான் அப்படிக் கேட்டிருக்க வேண்டாம் என்பதும் புரிந்தது.

செய்தி தெரிந்ததும் ஆளுக்கொரு ஊர், ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். அத்தான் எல்லாவற்றையும் தாளில் எழுதி எழுதிக் குழம்பிப்போனார். அக்கா அந்தத் தாளை வாங்கி மடித்துவிட்டு, "ரெண்டு டாக்டர்கிட்ட கேப்போம். ரெண்டு பேரும் ஒண்ணே சொன்னா அதைச் செய்வோம். மூணாவது ஆளைத் தேட வேண்டாம்" என்றார். இருவரும் ஒன்றையே சொன்னார்கள். என் வீட்டில் தங்கித் தஞ்சாவூரில் சிகிச்சை எடுத்துக்கொண்டார். பத்து மாதம் நன்றாக இருந்தார். கடையைத் திறந்து, நாளுக்கு ஒரே ஒரு பத்திரிகை செய்தார். அவர் செய்ததிலேயே அழகானவை அந்தப் பத்து மாதத்துப் பத்திரிகைகள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நோய் திரும்பியபோது, மறுபடி சிகிச்சை தரலாம், பலன் உறுதியில்லை என்றார் மருத்துவர். அத்தான் கெஞ்சினார். "இன்னும் ஒரு தடவை பார்க்கலாம்ல?"

"பார்த்தா மிச்ச நாளெல்லாம் பஸ்லயும் ஆஸ்பத்திரி பெஞ்சுலயும் போயிடும்ங்க. எனக்கு நம்ம வீடு போதும்."

இந்த முடிவு சரியா என்று நான் பல நாள் யோசித்தேன். இன்றும் யோசிக்கிறேன். ஆனால், விடுப்பு போட்டுவிட்டு நானும் கூட வந்தபோது, வீட்டுக்குத் திரும்பிய அக்காவின் முகத்தில் நான் குழப்பத்தைப் பார்க்கவில்லை.

பார்க்க வருகிறவர்களுக்கு மாலை நான்கிலிருந்து ஐந்து வரை என்று நேரம் வைத்தார். அந்த ஒரு மணி நேரத்தில் நோயைப் பற்றிப் பேசக்கூடாது. முதல் இரண்டு நாள் எல்லோரும் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு குறுவை அறுப்பு, ஆற்றில் தண்ணீர் வந்தது, யார் வீட்டில் யார் ஓடிப்போனது என்று பேச்சு பெருகி, வாசல்வரை சிரிப்புக் கேட்டது. சம்பா நடவு நடந்துகொண்டிருந்த ஒரு காலையில், அத்தான் கையைப் பிடித்தபடி அக்கா அமைதியாக எங்களை விட்டுப் பிரிந்தார்.

உண்மையை மறைக்காமல் சொன்ன மருத்துவர்கள் இருவருக்கும், ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால் அக்காவிடம் இரண்டு வார்த்தை பேசிய செவிலியர்களுக்கும், அக்கா ஏற்றுக்கொண்டிருந்த பத்திரிகை வேலைகளைத் தாமே முடித்துத் தந்த பழைய அச்சக முதலாளிக்கும், சமைத்துக் கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும், கடைசிவரை பக்கத்தில் இருந்த அத்தானுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஐந்து அடித்ததும் மனம் நோகாமல் எழுந்து போன உங்கள் எல்லோருக்கும் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும். ஒருநாள் உங்களோடு நானும் எழுந்தேன். அக்கா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ எங்கடி போற?"

"அஞ்சாயிடுச்சேக்கா."

"உனக்கு யாரு அஞ்சு மணின்னு சொன்னா? உக்காரு."

உட்கார்ந்தேன். அதன்பின் ஒவ்வொரு மாலையும் அந்தக் கட்டிலோரத்தில் நாங்கள் இருவரும் மட்டும் இருந்தோம். என்ன பேசினோம் என்பதை எழுதமாட்டேன். அந்த மாலைகளை எனக்கு விட்டுக்கொடுத்தவர்கள் நீங்கள்தான்.

என்றும் உங்கள் அன்பை மறவாத,
தங்கை